தினம் ஒரு குறை

அதியமான்கோட்டை வரை நடந்து வந்தாகிவிட்டது. இன்னும் யாரும் என்னைத் துரத்திக்கொண்டு வரவில்லை.

பையில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, சவரக்கத்தி. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து பின்னால் பார்த்தேன். ஒரு பால்காரர் போனார். கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனார். நஞ்சம்மா அக்காவின் பட்டுப்புழு மனையிலிருந்து ஈ காக்காகூட வரவில்லை.

வேலையை விட்டுப் போவதில் நான் கைதேர்ந்தவன். சண்டை போட மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். டீ குடிக்கப் போகிறவன் மாதிரி வெளியே வருவேன். அப்படியே அடுத்த ஊர்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது இப்படித்தான். லாரியில் கிளீனராக இருந்தேன். கிரானைட் பட்டறையில் இருந்தேன். என் சுண்டு விரல் நுனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெங்களூரில் சென்ட்ரிங் அடித்தேன். தீர்த்தமலையில் தேங்காய் பழக் கடை, அரூரில் புளி மண்டி, நெடுஞ்சாலையில் பரோட்டாக் கடை. பட்டினி கிடந்ததும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். எந்த இடத்தை விட்டபோதும் ஏன் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. போன பிறகு நினைத்து வருந்தியதும் இல்லை.

நஞ்சம்மா அக்காவின் மனை மட்டும் வேறு. அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருக்கும் இடத்தை விட்டுப் போய் எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் அன்று நடை அவ்வளவு மெதுவாக இருந்தது.

விஷயம் சின்னது. அக்கா இரண்டாவது மனை ஒன்று கட்டி முடித்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குத்தான் என்று நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தார்கள். அக்கா அதை மாதேஷிடம் கொடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன், எனக்கு மகன் வயது, வாயைத் திறந்தால் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பதைத் தவிர வேறு பேசாதவன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கூட்டம். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டதால் நான் வேலையை நிறுத்திவிட்டேன். ஆனாலும் புழு வளர்ப்போர் கூட்டம் என்றால் போவேன், சாப்பாடு நன்றாக இருக்கும். போன முறை ஒரு பெண் வந்து மனமகிழ்ச்சியைப் பற்றி வகுப்பு எடுத்தார். நல்ல பெண். தினமும் படுக்கப் போகுமுன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை நினைத்துப் பார்க்க வேண்டும், அதுவே பழக்கமாகிவிட்டால் மனசு நிறைந்திருக்கும் என்றார். “உங்க அனுபவத்துல ஏதாவது பழக்கம் இருக்குதாங்க?” என்று என்னைக் கேட்டார். “இருக்குதுங்க. தினமும் காலையில ஒருத்தரைப் பத்திக் குறை சொல்லணும்” என்றேன். சபை சிரித்தது. வகுப்பெடுத்த பெண்ணும் சிரித்துவிட்டு, “அதை விவரமா எழுதிக் குடுங்க” என்றார். மூன்று நல்ல விஷயங்களை நானும் நினைத்துப் பார்த்தேன். இரண்டாவதற்குள் தூங்கிவிடுகிறேன். அதுவும் நல்ல பழக்கம்தான்.

பட்டுப்புழு மனைக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. பீடி கூடாது, பவுடர் கூடாது, தலையில் எண்ணெய் வழியக் கூடாது, பூ கூடாது. வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். கணுக்கால் நனையும் அளவுக்கு ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். அதில் நின்று காலைக் கழுவி, கையைக் கழுவி, பிறகுதான் உள்ளே போக வேண்டும். இந்த விதிகள் எல்லா மனையிலும் ஒன்றுதான். நஞ்சம்மா அக்காவின் மனையில் இன்னொரு விதி இருந்தது. தொட்டியில் நிற்கும்போது, உள்ளே வேலை செய்கிற யாரைப் பற்றியாவது மனசில் இருக்கிற ஒரு குறையை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லலாம். பதில் பேச வேண்டுமானால், புழுவுக்குக் காலை நேர மல்பெரித் தழை போட்டு முடித்த பிறகு.

அக்கா வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ் பேசினாலும் தொட்டிப் பக்கம் வந்தால் கன்னடம்தான். வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, “ஹேளு” என்பார். சொல்லு என்று அர்த்தம். சொல்லி முடித்து, எதிராளி ‘சரி’ என்றதும், “ஆயிது” என்பார். முடிந்தது, உள்ளே போ. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் மனையில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் சேர்த்து. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மரியாதை குறையாமல் திட்டுவது எப்படி என்று அவரிடம்தான் பார்த்தேன். “அண்ணா, நீங்க உங்க மூளைய வூட்டுலயே பத்திரமா வெச்சிட்டு வந்துட்டீங்களா?” என்பார்.

குறை இல்லை என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பார். நம்பினால் உள்ளே விடுவார். நம்பாவிட்டால், “அப்ப தோட்டத்துக்குப் போ, தழ வெட்டு” என்பார். மனைக்குள் நிழலும் குளிர்ச்சியும் உண்டு. தோட்டத்தில் வெயில் மட்டும்தான். அதனால் எல்லோரும் குறையோடு வந்தோம்.

செல்வி என்று ஒரு பெண். அவளுக்குக் குறை தேட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

“பெருமாளண்ணன் குளிச்சிட்டு வந்தேன்னு சொல்றாருக்கா. சோப்பு குளிச்சிருக்குது. அவரு பக்கத்துல நின்னிருக்காரு.”

“சரி” என்பேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஒருநாள் அக்காவையே சொன்னாள். “நீங்க குடுக்குற டீயில பாலும் இல்ல, தூளும் இல்ல. வெந்நீரக் குடிச்சிட்டு டீன்னு நெனைச்சிக்கிறோம்.”

அக்காவும், “சரி” என்றார். தழை போட்டு முடித்த பிறகு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் டீ தூள் கூடிக் கறுப்பாக வந்தது, அவ்வளவுதான்.

தழை போட்டு முடித்த பிறகு பதில் பேச யாருக்கும் மூச்சு இருக்காது என்பதுதான் அந்த விதியின் சூட்சுமம். கூடு கட்டுமுன் வரும் ஐந்தாம் பருவத்தில் புழு தின்கிற வேகம் அப்படி. குச்சியோடு வெட்டிய தழையைப் புழு கிடக்கும் தாங்கிகளில் ஒரு முறை நேராகவும் அடுத்த முறை குறுக்காகவும் பரப்ப வேண்டும். ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிக்குப் போவதற்குள் முதல் தாங்கியில் வெறும் குச்சி நிற்கும். பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் முறுக்கு தின்பதுபோல ஒரு சத்தம். அந்த வேலை முடிந்து வெளியே வந்து உட்காரும்போது காலையில் என்ன கோபம் என்று யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் சிரிப்பு வரும். நான் பார்த்த வேலைகளில் மத்தியானச் சோறு சிரிப்போடு இறங்கியது அங்கே மட்டும்தான்.

கோபக்காரன் கை பட்ட தழையைப் புழு தொடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் அக்கா சொல்வார். “புழுவுக்குக் காதே கெடையாதாமேக்கா” என்று நான் கேட்டேன். “எனக்கு இருக்குதேண்ணா” என்றார். உண்மைக் காரணத்தைச் செல்விதான் சொன்னாள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் புதிதாகப் புழு வளர்த்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல். பேச்சு இல்லை. ஜன்னல் வலை கிழிந்திருந்ததை இருவருமே பார்த்திருக்கிறார்கள். அவள் சொல்லட்டும் என்று அவர், அவர் சொல்லட்டும் என்று இவர். ஊசி ஈ உள்ளே புகுந்து ஒவ்வொரு புழுவின் மேலும் முட்டை வைத்துவிட்டது. அந்த முறை ஒரு கூடு தேறவில்லை. அதற்குப் பிறகுதான் தொட்டியில் இந்த விதி வந்தது. வீட்டுக்காரர் கூடு விற்கச் சந்தைக்குப் போவதோடு சரி, மனைக்குள் வருவதில்லை. இன்னும் அவருக்கு ஒரு குறை பாக்கி இருக்கிறதோ என்னவோ.

இப்போது மாதேஷ். வேலைக்கு வந்த நாளிலிருந்து தொட்டியில் ஏறி, “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா ‘தோட்டத்துக்குப் போ’ என்று முடிக்குமுன்பே காலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான். குறை சொல்ல அவனுக்குக் கூச்சம். வெயில் அவனுக்குக் குறைவான கஷ்டமாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் அவனை எவ்வளவோ சீண்டிப் பார்த்தோம். “புது மாப்ள, உம் பொண்டாட்டியப் பத்தியாவது ஒரு கொறை சொல்லுடா” என்பேன். சிரித்துவிட்டுப் போவான்.

புது மனை கட்டுவதற்கு முன் ஒருநாள், புழு தோலுரிக்கும் நான்காம் தூக்கம் முடிந்து எழுந்து, ஐந்தாம் பருவத்தின் நடுவில் இருந்தது. பசி என்றால் அதுதான் பசி. நானும் செல்வியும் வெயில் வருமுன்பே தழை வெட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி, வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டோம். செல்வி என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். நான் செல்வியின் கொலுசுச் சத்தத்தில் புழு தூங்க முடியவில்லை என்றேன். அவள் “சரி” என்றாள். கடைசியாக மாதேஷ் தொட்டியில் ஏறினான்.

“ஒண்ணுமில்லீங்க.”

சொன்னான், ஆனால் காலை எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சரி, தோட்டத்துக்குப் போ” என்றார் அக்கா.

நகரவில்லை.

“ஹேளப்பா.”

“ஒண்ணுமில்லீங்கக்கா.”

உள்ளே புழுக்கள் தலையைத் தூக்கித் தழை தேடிக்கொண்டிருந்தன. நான் சாக்கை விலக்கித் தழையை அள்ளப் போனேன். “அண்ணா, கீழ போடுங்க” என்றார் அக்கா. “இவன் சொல்லாம யாரும் உள்ள போகக் கூடாது.”

“அக்கா, புழு பட்டினி” என்றாள் செல்வி.

“இருக்கட்டும்.”

மாதேஷ் வியர்த்துப் போனான். பிறகு தொடங்கினான். “செல்வியக்கா ஒருநாளு என் போசிய மாத்தி எடுத்துட்டுப் போயி எங்கூட்டுக் கொழம்பத் தின்னுட்டாங்க.” “சரி” என்றாள் செல்வி. “பெருமாளண்ணன் என்னைப் புது மாப்ளங்குறாரு. கல்யாணமாயி ரெண்டு புள்ள இருக்குது.” “சரி” என்றேன். “நீங்க எல்லாரு முன்னாலயும் என்னைத் தோட்டத்துக்குப் போன்னு சொல்றப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க.” “சரி” என்றார் அக்கா. இத்தனை காலமாகச் சேர்த்து வைத்திருந்ததை வரிசையாக இறக்கினான். எங்களுக்குச் ‘சரி’ சொல்லி வாய் வலித்தது. சிரிப்பும் வந்தது. கடைசியில் அவன் குரல் இறங்கிவிட்டது.

“எங்க மச்சான் நேத்து சாயந்திரம் சாமந்திக்கு மருந்தடிச்சாருங்க. நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. காத்து நம்ம பக்கம் அடிச்சிது.”

பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி போட்டிருந்தது மாதேஷின் மனைவியின் அண்ணன். பூச்சிமருந்து அடிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா அவரிடம் கேட்டு வைத்திருந்தார். மருந்து காற்றில் வந்து மல்பெரியில் பட்டால் போதும், அதைத் தின்ற புழு பிழைக்காது. நாங்கள் அன்று வெட்டியிருந்தது அந்த வரப்பை ஒட்டிய தழை. மாதேஷின் மனைவி இதை அவனிடம் சொல்லிவிட்டு, தன் அண்ணன் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். பெண்டாட்டி வீட்டு ஆளைப் பற்றிக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. சொன்னவன் மாமியார் வீட்டு வாசலை அப்புறம் எப்படி மிதிப்பான்?

அக்கா சாக்கு மூடிய தழையைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விதி விதிதான். “சரி” என்றார். பிறகு, “ஆயிது. எறங்கு” என்றார்.

ஒரு கைப்பிடித் தழையைத் தனித்தட்டில் போட்டு, சில புழுக்களை மட்டும் அதில் விட்டோம். வெயில் ஏறும்போது அவை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின, வாயில் பச்சை நீர் கக்கின, சுருங்கிக் கிடந்தன. அடுக்கி வைத்திருந்த தழை முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். மாடு தின்றுவிடக் கூடாதே. மாதேஷ் மொபெட்டை எடுத்துக்கொண்டு தோட்டம் வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய்த் தழை கேட்டு வாங்கி வந்தான். நாங்கள் தோட்டத்தின் மறு கோடியில் வெட்டினோம். புழு அரை நாள் பட்டினி கிடந்தது. கூடு கொஞ்சம் லேசாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. மாதேஷின் மச்சான் அந்தப் பொங்கலுக்கு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அதைப் பற்றி அவன் எந்தக் குறையும் சொன்னதில்லை. கேட்டால் தொட்டியில் நின்று, “அதுக்கு மச்சான் இங்க வேலைக்கு வரணுமே” என்றான். வாய் திறந்த பிறகு அவனுக்குக் கிண்டலும் வந்துவிட்டது.

இரண்டாவது மனையை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று அக்கா சொன்ன மறுநாள் நான் தொட்டியில் ஏறினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஹேளுங்கண்ணா.”

“செல்வி கட்டுற தழக் கட்டு, அவளவிடப் பெருசா இருக்குது. யாரு யாரத் தூக்குறாங்கன்னே தெரியல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாதேஷ்கூடச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

முகத்தைப் பார்த்தார். “அப்ப தோட்டத்துக்குப் போங்க, தழ வெட்டுங்க.”

போனேன். அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, டீ குடிக்கப் போகிறவன் மாதிரி நடந்தேன்.

அதியமான்கோட்டையில் பஸ் ஏறி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புளி மண்டிக்காரர் இன்னும் என்னை மறந்திருக்க மாட்டார், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு. கண்டக்டர் ஏறும் நேரத்தில் செல்போன் அடித்தது. செல்வி.

“எங்கண்ணா இருக்கீங்க? தழ வெட்டப் போனீங்களா, புதுசா செடி நட்டு வளத்து வெட்டிட்டு வரலாம்னு இருக்கீங்களா?”

“அரூருக்குப் போறேன்.”

“போங்க. யாரு வேணாங்குறது?”

“அப்ப எதுக்கு போன் பண்ணின?”

“எனக்கு உங்க மேல ஒரு கொறை இருக்குதுங்க. போன்ல சொல்லக் கூடாது, மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், அதான ரூல்ஸு? நீங்க பாட்டுக்கு அரூருல போயி உக்காந்துட்டா நான் இத வெச்சிக்கிட்டு என்னா பண்றது? நாளைக்கு வந்து கேட்டுட்டு, சரின்னு சொல்லிட்டு, அப்புறம் எங்க வேணாப் போங்க.”

வைத்துவிட்டாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். எடுத்த காசைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அதுவரை போன இடங்களிலெல்லாம் என்னைப் பற்றிக் குறை சொல்ல ஆள் இருந்திருப்பார்கள், ஆனால் நான் கேட்க வேண்டும் என்று யாரும் காத்திருந்ததில்லை. இறங்கிக்கொண்டேன்.

விடியற்காலையில் போனபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. செல்வி முந்திக்கொண்டு தொட்டியில் ஏறினாள்.

“சொல்லாமப் போனாரு. அவரு பங்குத் தழையும் நான்தான் சொமந்தேன். முதுகு வலிக்குது. கோவமும் வருது.”

“சரி” என்றேன்.

நான் ஏறினேன். ப்ளீச்சிங் தண்ணீர் காலில் சில்லென்று இருந்தது. வழக்கம்போல ஒரு வேடிக்கைக் குறை நாக்கு நுனிவரை வந்தது. செல்வியின் முதுகைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன்.

“ஹேளுங்க.”

“புது மனைய எனக்குக் குடுக்கல. நான்தான் மூத்தவன். ஏன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மனசு கஷ்டமா இருக்குது.”

சொல்லி முடித்துவிட்டேன். கிரானைட் பட்டறையில் விரல் போனபோதுகூட நான் யாரிடமும் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

“சரி” என்றார் அக்கா.

தழை போட்டு முடித்து வெளியே உட்கார்ந்தோம். அக்கா கறுப்பு டீயைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். “அண்ணா, இத்தன வருசத்துல தொட்டியில நீங்க சொன்னதெல்லாம் எல்லாரையும் சிரிக்க வெச்சிது. எனக்கும் சிரிப்பு வரும். ஆனா அது ஒண்ணாச்சும் நெசமான கொறையா? மனைய உங்ககிட்ட விட்டுட்டு நான் சந்தைக்குப் போனா, கெட்ட சேதிய எங்கிட்ட யாரு சொல்லுவாங்க? மாதேசு அவன் மச்சானப் பத்தியே சொன்னவன்.”

எனக்குப் பதில் பேச மூச்சு இருந்தது. டீயை எடுத்துக் குடித்தேன்.

“உங்க எடத்துக்கு ஆளு சொல்லியாச்சு, நேத்து சாயந்திரமே” என்றார். “புது மனைக்குத் தழ வெட்ட ஒரு ஆளு வேணும்னு மாதேசு சொன்னான். கேட்டுப் பாருங்க.”

மாதேஷ் புது மனையின் வாசலில் நின்றிருந்தான். தொட்டியில் சிமெண்டு வாடை இன்னும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் நெளிந்தான். “அண்ணா, நீங்க போயி எங்கிட்ட எப்பிடிண்ணா…”

“ஆளு வேணுமா, வேணாமா மாப்ள?”

“வேணுங்கண்ணா.”

தொட்டியில் ஏறி நின்றேன். “உங்கிட்ட வேல கேட்டு நிக்கிறது எனக்குக் கொஞ்சங்கூடப் புடிக்கல.”

“சரிங்கண்ணா” என்றான்.

அன்று காலை நான் சேர்ந்தது தழை வெட்டும் வேலையில்தான்.